அம்மாவுக்குக் கேட்காத வசனம்

“என்ன கண்ணு சொன்னான் அவன்?”

எங்கள் வீட்டில் படம் ஓடும்போதெல்லாம் அம்மா கேட்கும் கேள்வி இது. நான் திருப்பிச் சொல்வதற்குள் அடுத்த வசனம் போய்விடும். பிறகு அதையும் கேட்பார். சத்தத்தை 40க்கு ஏற்றினால் பேச்சு கொஞ்சம் தெளியும். அடுத்த காட்சியிலேயே கார் வெடிக்கும், உள்ளறையில் படித்துக்கொண்டிருக்கும் மகள் கதவைப் படாரென்று சாத்துவாள். ரிமோட்டில் ஏற்றுவதும் இறக்குவதுமாகவே முழுப் படமும் முடிந்துவிடும்.

அம்மாவுக்கு 74 வயது. காது டாக்டரிடம் காட்டினோம். வயசுக்கு உண்டான குறைவுதான், மெஷின் வைக்கும் அளவுக்கு இல்லை என்றார். வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சென்ற உயர் அலைவரிசை ஒலிகள். பேச்சில் உயிரெழுத்தின் பலமெல்லாம் கீழே இருக்கிறது. மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலியின் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அதனால்தான் அம்மாவுக்குப் ‘பேசுவது கேட்கிறது, பேச்சு புரியவில்லை’. இதோடு எங்கள் பழைய 43 அங்குல டிவியின் லட்சணமும் சேர்ந்துகொண்டது. விரல் கனம்கூட இல்லாத டிவியில் ஸ்பீக்கருக்கு எங்கே இடம்? அடிவயிற்றில் இரண்டைச் செருகித் தரையைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். வசனம் சுவரிலும் தரையிலும் மோதிவிட்டுத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது.

வீட்டில் ஒரு ஹோம் தியேட்டர் அமைக்க ஒன்றரை லட்சம் ஒதுக்கினேன். எல்லோரையும்போல எனக்கும் முதலில் தோன்றியது பெரிய டிவி. கையிருப்பில் முக்கால்வாசியை அதில் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஏதாவது ஒரு சவுண்ட் பார். மகளோடு உட்கார்ந்து மாடல்களை வடிகட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கோபியிலிருந்து மாமா வந்தார்.

மாமா ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பொங்கல் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். வீட்டில் கேட்பதற்கென்று மண்பானைக்குள் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருப்பார். சிறுவயதில் அந்தப் பானைக்குள் தலையை விட்டு நான் திட்டு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்களே, அதுவும் அந்தப் பானை வாயும் ஒரே வித்தைதான். அடைபட்ட காற்று ஒரு வாய் வழியாக ஊசலாடும்போது கீழ்ச்சுருதி எடுப்பாகக் கேட்கும்.

மாமா டிவி பட்டியலைப் பார்க்கவே இல்லை. ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டினார். ‘டப்’ என்றதும் பின்னாலேயே ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு வால்.

“கேட்டுச்சா மாப்ள? நீ பத்து லட்சத்துக்கு வாங்கி வெச்சாலும் இந்த வாலோடதான் கேக்கும். கல்யாண மண்டபத்துல பேசுற மாதிரி.”

எங்கள் ஹால் 16 அடிக்கு 11 அடி. தரை வழுவழு டைல்ஸ், நான்கு பக்கமும் பூச்சுச் சுவர், மேலே கான்கிரீட், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். பழைய வீட்டுத் திண்ணையிலாவது பாய், மூட்டை, துணிக்கொடி என்று ஏதாவது கிடக்கும். இப்போதைய அபார்ட்மென்ட் ஹால் ஒலிக்குக் கிணறு மாதிரி. பேச்சின் ஓர் அசை முடிந்த பிறகும் அதன் எதிரொலி அடுத்த அசையின் மேல் விழுகிறது. நம் காது அதைச் சமாளித்துவிடும், அம்மாவின் காது சமாளிக்காது.

ஆகவே நான் முதலில் வாங்கியது எலக்ட்ரானிக்ஸே இல்லை. கனமான இரண்டடுக்குத் திரைச்சீலை, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே பெரிய பவானி ஜமக்காளம், அதன் அடியில் ஒரு தடித்த விரிப்பு. எதிர்ச்சுவரில் கதவில்லாத புத்தக அலமாரி ஏற்கெனவே இருந்தது, அதை ஒரு மூன்றடி நகர்த்தினோம். மொத்தம் 9,000 ரூபாய். அன்று இரவு பழைய டிவியின் வசனமே கொஞ்சம் தெளிந்திருந்தது. ஜமக்காளம் மட்டும் விரித்தால் போதாது, அது மெல்லியது. அடியில் இருக்கும் கனமான விரிப்புதான் வேலை செய்கிறது என்பதை எடுத்துப் போட்டும் விரித்துப் போட்டும் கை தட்டிப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

பிறகு கடை.

ஹோம் தியேட்டர் கடைகளில் ஒரு டெமோ அறை இருக்கும். இருட்டு, தரையெல்லாம் கார்பெட், சுவரெல்லாம் துணிப் பலகை. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் சுற்றும், கண்ணாடி உடையும், நமக்குப் புல்லரிக்கும். அந்தப் புல்லரிப்பில்தான் கார்டை நீட்டுகிறோம். மாமாவைக் கூட்டிக்கொண்டு போனது நல்லதாயிற்று. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, இந்த ஹெலிகாப்டரை நிறுத்திப்போட்டுச் செய்தி ஏதாச்சும் போடுங்களேன்” என்றார். கடைக்காரப் பையன் விழித்தான். யூடியூபில் ஒரு தமிழ்ச் செய்தியைப் போட்டதும் அதுவரை பிரமாதமாக ஒலித்த ஒரு செட்டில் செய்தி வாசிப்பவர் டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. அதற்கடுத்த, விலை குறைந்த செட்டில் ஆள் எதிரில் உட்கார்ந்து பேசினார்.

நம் வீட்டில் அதிகம் ஓடுவது எதுவோ அதைத்தான் கடையிலும் போட்டுக் கேட்க வேண்டும். இரண்டு செட்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்ல வேண்டும். சற்றே அதிகச் சத்தத்தில் ஓடுவது எப்போதும் ‘நன்றாக’ இருப்பதாகவே காது சொல்லும். விற்பவர்களுக்கு இது தெரியும். போனில் ஒரு டெசிபல் மீட்டர் செயலியை இறக்கி வைத்திருந்தேன். துல்லியம் குறைவுதான், ஆனால் இரண்டும் ஒரே அளவா என்று பார்க்கப் போதும்.

மாமா செய்த இன்னொரு காரியத்தை நான் எங்கும் படித்ததில்லை. செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, அறையின் ஓரத்துக்கு மெதுவாக நடந்தார். வசனத்தைச் சுமப்பது டிவியை ஒட்டி நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர். அவற்றில் பெரும்பாலானவை படுக்கை வாட்டில் இருக்கும்: நடுவில் கீச்சொலிக்கான ட்வீட்டர், இரு பக்கமும் கனத்த ஒலிக்கான ஒவ்வொரு வூஃபர். நேர் எதிரே உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை. பக்கவாட்டில் போனால் இரண்டு வூஃபரிலிருந்தும் வரும் ஒலி வெவ்வேறு தூரம் கடந்து வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். குரலில் ஒரு பள்ளம் விழும். மாமா ஓரத்தில் நின்று, “இங்க அக்காவுக்குக் கேக்காது” என்றார்.

அம்மாவின் இடம் சோபா இல்லை. பக்கச் சுவரோரம் இருக்கும் திவான். ஜன்னல் காற்றும், மருந்து டப்பாவும், போன் சார்ஜரும் அங்கேதான். நகர்த்தலாமா என்று கேட்டதற்கு “நான் செத்ததுக்கப்பறம் நகத்திக்கோங்க” என்று பதில் வந்தது. ஆக, எதை வாங்கினாலும் அந்தத் திவானிலிருந்து கேட்கவும் பார்க்கவும் வேண்டும். இந்த ஒரு நிபந்தனை பாதிப் பட்டியலை அடித்துவிட்டது. நடுவில் ட்வீட்டரையும் அதன் அடியிலேயே பேச்சுக்கென்று ஒரு சிறு ஸ்பீக்கரையும் செங்குத்தாக வைத்து, இரு பக்கமும் வூஃபர் வைத்த மூன்று வழி சென்டரை எடுத்தோம். நாங்கள் எடுத்த ஐந்து ஸ்பீக்கரில் விலை கூடிய உருப்படி அதுதான். முன்பக்க இரண்டும் அதே வரிசையில் வந்த சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். ஒரே குடும்பமாக இருந்தால்தான் இடமிருந்து வலம் ஓடும் ஆட்டோ நடுவில் வேறு ஆட்டோவாக மாறாது. ஆளுயர டவர் வேண்டுமா என்றார்கள். கீழ்ச்சுருதிக்கென்று தனிப் பெட்டியாகச் சப்வூஃபர் வாங்கும்போது 11 அடி அகல ஹாலுக்கு டவர் எதற்கு? பின்பக்க இரண்டும் சிறியவை, அவற்றில் மிச்சம் பிடித்தேன்.

உள்ளங்கையளவு குட்டி ஸ்பீக்கர் ஐந்தும் ஒரு சப்வூஃபரும் ஒரே அட்டைப் பெட்டியில் வரும் செட் பார்க்க அழகு, பாதி விலை. ஆனால் மூன்று அங்குலக் கோனால் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் உருப்படியாகத் தர முடியாது. ஆண் குரலின் அடித்தளமே ஏறத்தாழ 85லிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. கதாநாயகன் பாதி வாயிலும் பாதி சப்வூஃபரிலுமாகப் பேசுவான்.

ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கொடுக்கும் கருவிதான் ரிசீவர். அதில் ஏமாறுவது வாட்ஸ் கணக்கில். நான் பார்த்த ஒரு பெட்டியின் மேல் 175 வாட்ஸ். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அதே கருவிக்கு 80 வாட்ஸ். இரண்டும் பொய்யில்லை. முதலாவது 6 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கர் கணக்கில், ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை 10 சதவீதம் சிதைவு வரும்வரை முறுக்கி எடுத்த எண். இரண்டாவது 8 ஓமில், இரண்டு சேனல், 20லிருந்து 20,000 ஹெர்ட்ஸ்வரை, 0.08 சதவீதச் சிதைவில். ஒப்பிடுவதானால் இரண்டாவது வகையோடு இரண்டாவது வகையை ஒப்பிட வேண்டும். பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் எண் அச்சடித்த டேப் ரிக்கார்டர் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

அந்த 80 வாட்ஸே நமக்கு அதிகம். என் ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபல், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் அத்தனை சத்தம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒன்பது சொச்சம் குறைந்து 78 ஆகும். வீட்டில் பேசிக்கொள்ளும் சத்தம் 60, 65. சாதாரண வசனம் ஒரு வாட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 70க்கும் 90க்கும் நடுவே கூடுதல் பணம் கொடுப்பதைவிட, 2, 3 டெசிபல் கூடுதல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை எடுப்பது புத்திசாலித்தனம்.

7.2 ரிசீவர், அதாவது ஏழு ஸ்பீக்கரும் இரண்டு சப்வூஃபரும் ஓட்டுவது, வாங்கி, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் போடச் சொன்னார்கள். தலைக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டும் என்றால் கான்கிரீட்டில் துளை போட வேண்டும். மேல்நோக்கி ஒலி எறியும் வகையும் உண்டு, கூரையில் பட்டுத் திரும்பி வரும். “நடுவுல ஃபேன் சுத்துதே, சத்தத்தைச் சில்லறையாக்கிக் கொடுக்கும்” என்றார் மாமா. ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் ஓட்டும் 5.1 ரிசீவரே வாங்கினேன். அதில் நான் கறாராகப் பார்த்தவை மூன்று: இஏஆர்சி, மைக் வைத்து அறையை அளக்கும் வசதி, ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதி. மூன்றாவதுதான் அம்மாவுக்கு.

இஏஆர்சி பற்றி ஒரு வார்த்தை. டிவிக்குள் ஓடும் செயலிகளின் ஒலியை அதே ஹெச்டிஎம்ஐ வயர் வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி அது. பழைய ஏஆர்சியிலேயே ஓடிடியின் 5.1 வந்துவிடும், சுருக்கிய அட்மாஸும் வரும். டிவி வழியாகப் புளூ-ரேயின் தரம் குறையாத முழு ஒலியை அனுப்பத்தான் இஏஆர்சி கட்டாயம். வெறும் ஓடிடி பார்ப்பவர் இதற்காகப் பழைய டிவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

டிவியைக் கடைசியில் வாங்கினோம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைவது 2025 செப்டம்பர் 22 முதல் என்று அறிவித்திருந்தார்கள். அதுவரை பொறுத்து, தீபாவளிக்கு முந்தைய வாரம் போனோம்.

அளவு சுலபம். கண்ணிலிருந்து திரைக்கு 9 அடி, அதாவது 108 அங்குலம். சினிமா பார்க்க அதை 1.6ஆல் வகுக்கலாம். 67 வருகிறது. எனவே 65 அங்குலம். இதில் யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு. அம்மா பார்ப்பது கேபிளில் வரும் சாதாரணச் சேனல். அதில் 576 கோடுகள், 4கே திரையில் 2,160 கோடுகள். ஒவ்வொரு கோட்டையும் ஏறக்குறைய நான்காக இழுத்து நிரப்ப வேண்டும். பெரிய திரையில் சீரியல் மாமியாரின் முகம் மெழுகுபோல இருக்கும். கடையில் ஓடும் மலை, அருவி, கிளி வீடியோவில் இது தெரியாது. செட்டாப் பாக்ஸ் இணைப்புக் கொடுத்துக் காட்டச் சொன்னோம், இரண்டு கடைகளில் முகத்தைச் சுளித்தார்கள், மூன்றாவது கடையில் காட்டினார்கள். அங்கேதான் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் ஹெச்டி பேக்கேஜுக்கு மாறினோம்.

அடுத்தது பேனல், அதாவது திரையின் வகை. விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பு, ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் வகையில் பக்கவாட்டுப் பார்வை நன்று, கறுப்பு சாம்பல் பூத்திருக்கும். ஓஎல்இடியில் இரண்டும் பிரமாதம். எங்கள் பணத்துக்கு எட்டாது என்பது ஒருபுறம். ஒரே சேனல் நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடும் வீட்டில் மூலையில் நிற்கும் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியக்கூடும் என்பது மறுபுறம். பெட்டியில் பேனல் வகையைப் பெரும்பாலும் அச்சடிப்பதில்லை. ஒரே மாடலின் 55க்கும் 65க்கும் வேறு வேறு பேனல் இருப்பதும் உண்டு. வாங்கப்போகும் அளவையே ஓரத்தில் நின்று பார்ப்பதைத் தவிர வழியில்லை. திவான் கோணத்தில் போய் நின்றோம். ஐபிஎஸ் எடுத்தோம்.

இரவில் விளக்கை அணைத்தால் கறுப்பு சாம்பலாகத்தான் தெரிகிறது. மனைவி ஒரு யோசனை செய்தாள்: டிவிக்குப் பின்னால் சுவரில் மங்கலான வெள்ளை எல்இடி பட்டை. பின்னால் வெளிச்சம் இருக்கும்போது கண்ணுக்கு அந்தச் சாம்பல் கறுப்பாகத் தோன்றுகிறது. 400 ரூபாய்.

டிவி வந்த அன்றே செய்ய வேண்டியது, கடைக்காகப் பளீரென்று வைத்திருக்கும் பட அமைப்பை மாற்றுவது. சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்று ஒன்று இருக்கும். முதல் இரண்டு நாள் மஞ்சள் காமாலை பிடித்தாற்போலத் தோன்றும். மூன்றாம் நாள் பழைய அமைப்புக்குத் திரும்பினால் எல்லோர் முகமும் நீலம் பாரித்திருக்கும். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். படம் நொடிக்கு 24 பிரேம். டிவி இடையில் தானாகப் பிரேம்களைப் புகுத்தினால் கோடி ரூபாய்ப் படமும் சீரியல்போல ஆகிவிடும். சீரியலுக்கு அது இருந்தாலும் பரவாயில்லை.

வயரிங்கில் நான் பட்டதைத் தனியாகவே எழுத வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு உள்வேலை நடந்தபோதே டிவிச் சுவரில் ஒரு பைப் பதிக்கச் சொல்லியிருந்தேன். எலக்ட்ரீஷியன் முக்கால் அங்குலப் பைப்பை இரண்டு இடத்தில் எல்போ போட்டு வளைத்துப் பூசிவிட்டார். ஹெச்டிஎம்ஐ வயரின் தலையே ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலம். அது நுழையவே இல்லை. சுவரைக் கொத்தி ஒன்றரை அங்குலப் பைப்பை நீளமான வளைவோடு பதித்தோம், பூச்சு, பெயின்ட் என்று இரண்டு நாள். வீடு கட்டுபவர்கள் யாராவது இதைப் படித்தால், டிவிக்கும் பின்பக்க ஸ்பீக்கர்களுக்கும் பைப் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள்.

ஸ்பீக்கர் வயரைச் சென்னைக்கு வேலையாகப் போனபோது ரிச்சி தெருவில் வாங்கினேன். முதல் கடையில் மலிவாகக் கொடுத்த சுருள் தூக்கவே லேசாக இருந்தது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினேன், மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். விலகி நடந்தேன். உண்மையில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே இதற்குத் தாராளம். பத்து மீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்பும் இருபது மீட்டருக்கும் சேர்த்துக் கால் ஓம்தான் தடை. தங்க முலாம் பூசிய வயருக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு ஜமக்காளம் வாங்கலாம்.

பின்பக்க ஸ்பீக்கர்களைக் காதுக்குச் சற்றுப் பின்னால், நேர்முன்னிலிருந்து 110 டிகிரியில் வைக்க வேண்டும் என்பது விதி. சோபா சுவரை ஒட்டியிருக்கும் வீட்டில் காதுக்குப் பின்னால் சுவர்தான் உண்டு. சோபாவை ஓரடி முன்னால் இழுத்து, ஸ்பீக்கர்களை இருபுறச் சுவரிலும் காதுக்கு மேலே இரண்டடி உயரத்தில் மாட்டினேன். தலைக்குப் பின்னால் சுவர் ஒட்டியிருந்தால் கீழ்ச்சுருதி வீங்கிக் கேட்கும், அந்த ஓரடியில் அதுவும் தணிந்தது.

சப்வூஃபருக்கு இடம் பிடித்தது குடும்பக் கதையாகிவிட்டது. அதைத் தூக்கி நான் உட்காரும் இடத்தில் சோபாவின்மேல் வைத்து, பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக முட்டி போட்டுத் தவழ வேண்டும். எந்த இடத்தில் வீங்காமல், ஓட்டையில்லாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைக்கலாம். நான் தவழ்வதை மகள் வீடியோ எடுத்து உறவுக்காரர் குழுவில் போட்டுவிட்டாள். ஆனால் பலன் உண்டு. எங்கள் ஹாலின் 16 அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முழக்கம் தங்குகிறது. மூலையில் வைத்தபோது அது கீழ்வீடுவரை போனது. கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, “தம்பி, கிரைண்டர் ஓடுதுங்களா?” என்று கேட்டார். தவழ்ந்து கண்டுபிடித்த இடத்தில், அடியில் கனமான ரப்பர் மெத்தை போட்ட பிறகு அவர் வரவில்லை. பத்து மணிக்கு மேல் ரிசீவரின் இரவு அமைப்பையும் போட்டுவிடுகிறோம். வெடிச்சத்தம் அமுங்கும், பேச்சு மேலே வரும்.

மைக் வைத்து அளக்கும்போது ஃபேன், மிக்ஸி எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். முதல் தடவை நடுவில் குக்கர் விசில் அடித்தது, மறுபடியும் முதலிலிருந்து. மைக்கைச் சோபா முதுகில் வைக்காமல் போட்டோ எடுக்கும் முக்காலியில் காது உயரத்தில் வைத்தேன். அளந்து முடித்ததும் ரிசீவர் முன்பக்க ஸ்பீக்கர்களைப் ‘பெரியவை’ என்று போட்டிருந்தது. எல்லாவற்றையும் ‘சிறியவை’ ஆக்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைச் சப்வூஃபரிடம் தள்ளினேன். சென்டரை மட்டும் 3 டெசிபல் ஏற்றினேன்.

இனி என் மடத்தனம். தீபாவளி முடிந்து கார்த்திகை, மார்கழி முழுக்க வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டினேன். “பின்னாலயும் கேக்குது பாருங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். பொங்கலுக்கு வந்த மாமாவின் பேரன், பதினொன்றாவது படிக்கிறான், ரிசீவரின் முகப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, “மாமா, இதுல ‘டால்பி’ன்னே வரலையே?” என்றான். டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்று இருந்திருக்கிறது. அதனால் டிவி எல்லாவற்றையும் இரண்டு சேனலாகப் பிசைந்து அனுப்ப, ரிசீவர் அதையே ஐந்து ஸ்பீக்கரிலும் போட்டிருக்கிறது. நான் காட்டியதெல்லாம் மைக் செட். வந்த ஒலியை அப்படியே அனுப்பும் ‘பாஸ் த்ரூ’ என்று மாற்றியதும் முகப்பில் டால்பி வந்தது, மழைக் காட்சியில் மழை பின்னாலும் பேச்சு நடுவிலுமாகப் பிரிந்து நின்றது. மாமா சிரித்துக்கொண்டே இருந்தார். நெட்ஃபிளிக்ஸில் 4கே-யும் அட்மாஸும் பிரீமியம் திட்டத்தில் மட்டுமே என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

சில டிவிகள் டால்பிபோல இன்னொரு வகையான டிடிஎஸ் ஒலியைத் தொடுவதே இல்லை, எங்களுடையதும் அப்படித்தான். பென்டிரைவில் இருக்கும் பழைய படங்கள் ஊமையாக ஓடின. அவற்றுக்கென்று ஒரு சிறு பிளேயரை நேராக ரிசீவரிலேயே செருகிவிட்டேன்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஐப்பசி இடி மின்னலில் நண்பர் ஒருவர் வீட்டில் டிவியின் ஹெச்டிஎம்ஐ போர்டும் ரிசீவரும் சேர்ந்தே போயின. பிளக்கைப் பிடுங்கியிருந்தார், செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் வயரைப் பிடுங்கவில்லை. மின்னல் அந்த வழியாக வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இடி உறுமினால் இரண்டையும் கழற்றுவது மகள் பொறுப்பு. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்தோம். ஹெச்டிஎம்ஐ தலையைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் அதை விளையாட்டாக விடக்கூடாது. ரிசீவரைக் கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் அடைக்காமல் திறந்த தட்டில் வைத்தோம், தலைக்கு மேல் அரையடி இடம் விட்டு. கதகதப்புக்குப் பல்லி வரும். துணி போர்த்தி மூடாமல், பக்கத்தில் குப்பையும் தீனியும் சேராமல் பார்த்துக்கொள்வதோடு சரி.

கணக்கு: அறைக்கு 9,000. ஐந்து ஸ்பீக்கரும் சப்வூஃபரும் 58,000. ரிசீவர் 36,000. டிவி 62,000. வயர், ஸ்டாண்டு, ரப்பர், எலக்ட்ரீஷியன் 4,000. சுவர் கொத்தியதை மனைவி வீட்டுப் பராமரிப்புக் கணக்கில் எழுதிக்கொண்டாள். 1,69,000. ஒதுக்கியதைவிட 19,000 அதிகம்.

கேபிள் சீரியல்கள் இரண்டு சேனலில்தான் வருகின்றன. அவற்றுக்கு ரிசீவரில் டால்பி சரவுண்ட் என்ற அமைப்பைப் போட்டு வைத்திருக்கிறேன். இடம் வலம் இரண்டிலும் பொதுவாக இருப்பதை, அதாவது பேச்சை, அது பிரித்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். டிவியைப் போட்டால் ரிசீவரும் தானாக எழுந்துகொள்ளும். கரண்ட் போய் வந்த நாளில் மட்டும் எழாது, அப்போது அம்மா என்னை அலுவலகத்துக்குப் போன் போட்டு எழுப்புவார்.

அமைத்த வாரம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. ஃபேன்கூடச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா திவானில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, இத்தனை நாளா இவ இப்படியா பேசிட்டு இருந்தா? நான் நல்ல பொம்பளைன்னில்ல நெனச்சிட்டு இருந்தேன்.”